இடிந்தது அல்ல, இடித்தது

எங்கள் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாருமில்லை. பால்காரர் முதல் கோயிலுக்குப் பூத்தொடுத்துக் கொடுக்கிற வீட்டுக்காரர்கள் வரை எல்லோருக்கும் அவர் சேஃப்டி மேடம்தான். துவாக்குடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே விபத்து நடந்தால் போய் விசாரித்து அறிக்கை எழுதுவது அவர் வேலை. வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தார்களே தவிர, விசாரிப்பதிலிருந்து அவர் ஓய்வு எடுத்துக்கொள்ளவில்லை.

முதன்முதலாக அவரிடம் மாட்டிக்கொண்டது என் கணவர். அம்மா மண்டபம் சாலையிலிருந்து காவிரிப் பக்கமாகப் பிரிகிற அந்தத் தெருவுக்கு நாங்கள் குடிவந்த புதிது. காரைப் பின்னால் எடுக்கும்போது எதிர்வீட்டு வாசலில் இருந்த செம்பருத்தித் தொட்டியில் மோதிவிட்டார். இறங்கிப் பார்த்துக் கையைப் பிசைந்துகொண்டு, "தொட்டி உடைஞ்சிடுச்சுங்க" என்றார். உள்ளேயிருந்து மேடம் வந்தார். குட்டையான உருவம். கணுக்காலுக்கு மேலே ஏறின காட்டன் புடவை. ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம். சிதறிக் கிடந்த மண்ணைப் பார்த்துவிட்டு, "தொட்டி உடையலைங்க. நீங்க உடைச்சீங்க" என்றார். குரலில் கோபமே இல்லை. வெளியே மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார். என் கணவர் புதுத்தொட்டி வாங்கித் தருவதாகச் சொன்னதற்கு, அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் செடியை வேரோடு அள்ளிக்கொண்டு போய்விட்டார். தொட்டிக்குப் பணம் கேட்டிருந்தால் என் கணவர் அன்றைக்கே மறந்திருப்பார். அந்த ஒரு வாக்கியத்தை மாதக்கணக்கில் சொல்லிச் சொல்லிப் பொருமினார்.

மேடம் காலமாகி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இப்போது அந்த வீட்டில் அவருடைய தங்கை மகள் இருக்கிறாள். ஆனாலும் எங்கள் வீட்டில் பால் பொங்கி வழிந்தால்கூட, "பொங்கிடுச்சு" என்று சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது. பார்க்காமல் விட்டது நான்தானே என்று ஒரு குரல் கேட்கிறது.

என் மாமியார் முசிறியிலிருந்து வந்திருந்தபோது ஒருநாள் மேடத்திடம் வழக்கமான கேள்வியைக் கேட்டுவிட்டார். உங்களுக்குக் கல்யாணம் ஆகலையா என்றார். மேடம் முகம் சுளிக்கவில்லை. "ஆகலைன்னு இல்லைங்க. நான் பண்ணிக்கலை" என்றார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று மாமியார் ராத்திரிச் சாப்பாட்டின்போது என்னிடம் கேட்டார்.

இந்தக் குணம் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சுகமாக இருந்தது என்று சொல்லமாட்டேன். கோடிவீட்டுக்காரர் நெஞ்சுவலியில் இறந்தபோது துக்கம் கேட்கப் போயிருந்தோம். வந்தவர்கள் எல்லோரும் வேளை வந்துவிட்டது, பெருமாள் கூப்பிட்டுக்கொண்டார் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேடம் மட்டும் அந்த வீட்டுப் பிள்ளையிடம், வலி எப்போது ஆரம்பித்தது, ஏன் விடியும்வரை காத்திருந்தீர்கள் என்று கேட்டார். நான் அவர் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தேன். சாவு வீட்டில் போய் இப்படிக் கேட்கலாமா என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர், "நாளைக்கு அந்தப் பையனோட அம்மாவுக்கு வலிச்சா? அப்பவும் வேளை வந்துடுச்சுன்னு உட்கார்ந்திருப்பாங்களா?" என்றார். அந்த வீட்டார் வெகுநாள் அவரோடு பேசவில்லை. அதைப் பற்றி அவர் கவலைப்பட்ட மாதிரியும் தெரியவில்லை.

அவர் கவலைப்பட்டது அந்த வீடுகளைப் பற்றித்தான்.

ஸ்ரீரங்கத்துக்கு வருகிறவர்கள் கோபுரத்தைப் பார்ப்பார்கள், மதிலைப் பார்ப்பார்கள். எங்கள் தெருவுக்குள் யாரும் எதையும் பார்க்க வருவதில்லை, அந்த இரண்டு வீடுகளைத் தவிர. அறுபதுகளில் கட்டியவை. மேடத்தின் அப்பாவும் அவருடைய சிநேகிதரும் ரயில்வேயில் இன்ஜினியர்கள். சேர்ந்து மனை வாங்கி, நடுவில் ஒரு பொதுச்சுவர் வைத்து ஒட்டினாற்போல் கட்டினார்கள். வரைந்து கொடுத்தவர் வெளிநாட்டில் படித்துவிட்டு அப்போதுதான் மெட்ராசுக்குத் திரும்பியிருந்த ஓர் இளைஞராம். இரண்டு வீட்டுக்கும் கூரை ஒரே மாதிரி. ஓரங்கள் உயர்ந்து நடுவில் தாழ்ந்து, விரித்துவைத்த புத்தகம் போல இருக்கும். மழை பெய்தால் தண்ணீரெல்லாம் நடுவில் கூடி வாசலில் இருக்கிற கல்தொட்டியில் ஒரே தூணாக விழும். மேற்குச் சுவர் முழுக்க சிமெண்டில் வார்த்த சல்லடை. சாயங்கால வெயில் அது வழியாக வந்து மொசைக் தரையில் கட்டம் கட்டமாக விழுந்து நகரும். மே மாதத்தில்கூட அந்தக் கூடத்தில் காவிரிக் காற்று நிற்காது. மாடிக்குப் போகிற படிகள்தான் எல்லாவற்றையும்விட ஆச்சரியம். கீழே தாங்கல் இல்லாமல், பக்கத்தில் கைப்பிடி இல்லாமல், பொதுச்சுவரிலிருந்து ஒவ்வொரு படியும் தனித்தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். முதல்முறை நான் சுவரைத் தடவிக்கொண்டேதான் ஏறினேன்.

கட்டின காலத்தில் தெரு முழுக்கச் சிரித்ததாம். காற்றில் மடங்கிப்போன குடை மாதிரி இருக்கிறது என்றார்களாம். பிறகு புத்தக வீடு என்று பெயர் நிலைத்துவிட்டது. கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகள் வருஷத்துக்கு ஒருமுறை வந்து தெருவில் உட்கார்ந்து வரைந்துகொண்டு போவார்கள்.

சிநேகிதரின் பிள்ளைகள் அமெரிக்காவிலும் துபாயிலும் இருந்தார்கள். அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு அந்த வீட்டை ஒரு பில்டருக்கு விற்றுவிட்டார்கள். பில்டர் அடுக்குமாடி கட்ட மனுப்போட்டார். அதே சமயம் கட்டடக்கலைக் கல்லூரி ஆசிரியர்கள் சிலர், இந்த இரண்டு வீடுகளும் இந்த மாதிரிக் கட்டடங்களில் தமிழ்நாட்டிலேயே அபூர்வமானவை, இடிக்க விடக்கூடாது என்று எழுதிப்போட்டார்கள். முடிவெடுக்கிற வரைக்கும் ஒரு செங்கல்லைக்கூட அசைக்கக்கூடாது என்று அனுமதி கொடுக்கிற அலுவலகம் சொல்லியிருந்தது.

பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் என் எதிரிலேயே மேடத்திடம் அலுத்துக்கொண்டார். கூப்பிடு தூரத்தில் ஆயிரம் வருஷக் கோயில் இருக்கிற ஊரில், போன தலைமுறை கான்கிரீட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்றார்.

"கோயிலும் கட்டின அன்னைக்குப் புதுசுதாங்க" என்றார் மேடம். "பழசுன்னு காப்பாத்தச் சொல்லலை. யோசிச்சுக் கட்டியிருக்காங்க. அதுக்காகச் சொல்றேன்."

அந்த வருஷம் வைகுண்ட ஏகாதசி அன்று நானும் என் கணவரும் சொர்க்கவாசலுக்குப் போயிருந்தோம். எங்கள் தெருவில் பாதிப்பேர் கோயிலில்தான் இருந்தார்கள். மீதிப்பேர் தொலைக்காட்சிக்கு முன்னால். ஊரிலிருந்த போலீஸ் அத்தனையும் கோயிலைச் சுற்றி நின்றது. அரசு அலுவலகங்களுக்கு உள்ளூர் விடுமுறை. பெருமாளைச் சேவித்துவிட்டுக் கூட்டத்தில் நசுங்கி வெளியே வந்து தெருமுனையில் திரும்பியபோது முதலில் கண்ணில் பட்டது தூசி. மார்கழிப் பனி இன்னும் விலகவில்லை என்றுதான் நினைத்தேன். கிட்டே போனபோது மூக்கில் சுண்ணாம்பு நெடி ஏறியது.

பக்கத்து வீட்டின் கூரை இல்லை. சல்லடைச் சுவர் நொறுங்கி மல்லாந்து கிடந்தது. ஒரு பொக்லைன் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. இடிபாட்டுக்கு நடுவில், பொதுச்சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு மேடம் நின்றிருந்தார். தலையெல்லாம் வெள்ளைத் தூசி. கையில் போன்.

பிறகுதான் நடந்ததைச் சொன்னார். சொர்க்கவாசல் திறக்கிற நேரத்தில் பெரும் சத்தம் கேட்டு எழுந்து ஓடி வந்திருக்கிறார். அதற்குள் கூரை நடுவில் பிளந்து கீழே வந்துவிட்டது. போலீசுக்குப் போன் செய்திருக்கிறார். எல்லோரும் பந்தோபஸ்தில் இருக்கிறார்கள், பார்க்கிறோம் என்றிருக்கிறார்கள். உடனே தெருப்பக்கமாகச் சுற்றி அந்த வீட்டுக்குள் நுழைந்து, படிகள் இருக்கிற சுவரோடு சுவராக நின்றுவிட்டார். மேஸ்திரி வந்து, சுவர் விழுந்துவிடும், தள்ளிப்போங்கள் என்றானாம். "விழாது. நீங்க தள்ளினாத்தான் விழும். தள்ளுங்க பார்ப்போம்" என்றாராம். அவர் நின்ற காரணத்தால் வண்டி அந்தப் பக்கம் வரவே இல்லை. அந்தச் சுவரும், சுவரில் நீட்டிக்கொண்டிருந்த படிகளும் மட்டும் தப்பித்தன.

மற்றதெல்லாம் போய்விட்டது. அன்று மாலை நாங்கள் பார்த்தபோது, எந்தத் தளத்துக்கும் போகாத படிகள் சுவரில் வரிசையாக ஆகாயத்தைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தன.

மறுநாளே பில்டர் பக்கத்திலிருந்து கதை கிளம்பிவிட்டது. நாங்கள் இடிக்கவில்லை, ஐப்பசி கார்த்திகை மழையில் ஊறிப்போன பழைய கூரை தானாக இடிந்து விழுந்தது, ஜனங்களுக்கு ஆபத்து என்று வண்டியை அனுப்பி அப்புறப்படுத்தினோம் என்று எழுதிக்கொடுத்துவிட்டார்கள். மேடம் போனில் படம் எடுத்திருந்தார். ஆனால் அவர் எடுக்கும்போது கூரை ஏற்கெனவே கீழே கிடந்தது. வண்டி இடிபாட்டை அள்ளுகிறது, அவ்வளவுதான் படத்தில் தெரிகிறது என்றார்கள்.

மேடம் அதைக் கேட்டுச் சிரித்தார். பிறகு அனுமதி அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. அப்போது சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கூரை தானாக விழுந்துவிட்ட நிலையில், அதே காலத்தில் அதே முறையில் கட்டப்பட்ட உங்கள் வீடும் அபாயகரமானது, காலி செய்யவும் என்று அதில் இருந்தது. அந்த வீடு இடிந்தது என்றால் இந்த வீட்டையும் இடிக்கவேண்டும். அந்த வீட்டை இடித்தார்கள் என்றால் இந்த வீடு நிற்கலாம். அவர் வாழ்நாள் முழுக்க எங்களையெல்லாம் எதற்காகப் படுத்தினாரோ அந்த ஒரு எழுத்து வித்தியாசத்தில் அவர் கூரையே வந்து மாட்டிக்கொண்டது.

அவர் காலி செய்யவில்லை. கரண்டை நிறுத்தினார்கள். பிறகு தண்ணீரையும் நிறுத்தினார்கள். தங்கை மகள் போனில் அழுதாள், எங்களோடு வந்துவிடுங்கள் என்றாள். அவர் எமர்ஜென்சி விளக்கில் புத்தகம் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தால், என் கணவர் இரண்டு கையிலும் வாளியோடு தெருவைத் தாண்டிக்கொண்டிருந்தார். தொட்டி விஷயத்தில் அத்தனை நாள் பொருமின அதே மனுஷர். அவரே திரும்பி வந்து, "மேடம் என்கிட்ட ஒரு மாதிரி, பில்டர்கிட்ட ஒரு மாதிரியா? எல்லார்கிட்டயும் ஒரே மாதிரிதான் பேசறாங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் தண்ணீர் கொண்டுபோகாத நாளில்லை. கோடிவீட்டுப் பையன்கூட ஒருநாள் குடத்தோடு வந்தான்.

கூரை எப்படி விழுந்தது என்று பார்த்தவர் ஒருவர் இருக்கத்தானே வேண்டும் என்றார் மேடம். அவர் எடுத்த படத்தில் வண்டியின் பக்கவாட்டில் துறையூர் என்றும் ஒரு போன் நம்பரும் எழுதியிருந்தன. அதை வைத்து வண்டி ஓட்டியவர் இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். துணைக்கு வருகிறீர்களா என்று என்னைக் கேட்டார். உட்கார இடம் கிடைக்கவேண்டும் என்று எதிர்த்திசையில் சத்திரம் பேருந்து நிலையம் வரை போய்த் துறையூர் பஸ் ஏறினோம். வந்த வழியே ஆற்றைத் தாண்டிப் பஸ் மண்ணச்சநல்லூர்ப் பக்கம் திரும்பியது. அதற்குப் பிறகு, நான் கேட்காமலே, தொழிற்சாலைக் கதையைச் சொன்னார்.

தகடு வெட்டுகிற இயந்திரத்தில் ஓர் ஆளுக்கு விரல்கள் போய்விட்டன. கவனக்குறைவால் கை சிக்கிக்கொண்டது என்று மேலதிகாரிகள் அறிக்கையைத் தயாராக வைத்திருந்தார்கள். இவர் கையெழுத்துப் போட்டால் போதும். இவர் போய்ப் பார்த்தால், கையைத் தடுக்கிற காப்புக் கம்பியைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார்கள். வேலை வேகமாக நடக்கவேண்டும் என்று கழற்றச் சொன்னது மேலாளர். இவர் அப்படியே எழுதினார், கழற்றியவர் பெயர், சொன்னவர் பெயர், இரண்டையும். அடிபட்டவருக்கு இழப்பீடு கிடைத்தது. இவருக்கு ஸ்டோருக்கு மாற்றல் கிடைத்தது. நட்டும் போல்ட்டும் எண்ணிக்கொண்டு வருஷக்கணக்கில் அங்கே இருந்தார். ஒரு புது மேலாளர் இரக்கப்பட்டு, அறிக்கை தவறுதலாக எழுதப்பட்டுவிட்டது என்று ஒரு வரி கொடுங்கள், பழைய இடத்துக்கே மாற்றிவிடுகிறேன் என்றாராம்.

"கொடுக்கலையா?" என்று கேட்டேன்.

"எழுதப்படலையே. நான்ல எழுதினேன்" என்றார்.

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரைத் திரும்பப் பழைய வேலைக்கு எடுத்தது எப்படி என்று அவர் சொல்லவில்லை. எப்படியோ எடுத்திருக்கிறார்கள். அந்த வேலையில் இருந்துதான் ஓய்வு பெற்றார்.

துறையூருக்கு வெளியே, பெருமாள் மலை தெரிகிற மாதிரி ஓர் ஓட்டு வீடு. வாசலில் சின்ன வெங்காயம் குவிந்திருந்தது. வண்டி ஓட்டியவரின் மனைவி உட்கார்ந்து வெங்காயத் தாளை அறுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் வீட்டுக்குள் போய்க் கணவரை எழுப்பினார். அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மேடத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு முகம் மாறிவிட்டது. நாற்காலி போட்டார். உட்காரச் சொன்னார். தான் உட்காரவில்லை.

எனக்கு வேறு வேலை தெரியாது, வண்டியும் என்னுடையது இல்லை, போ என்ற இடத்துக்குப் போவேன், இதில் என்னை இழுத்துவிடாதீர்கள் என்று சொன்னார். சாட்சி சொன்னால் இந்த வட்டாரத்தில் எவனும் எனக்குச் சாவி கொடுக்கமாட்டான் என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கியது. இதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை என்று மேடம் சொல்லிவிடுவார், அதைச் சொன்னால் இவர் இளகிவிடுவார் என்று நான் காத்திருந்தேன். நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

மேடம் சொல்லவில்லை. "இடிச்சது நீங்கதான். இடிக்கச் சொன்னது அவங்க. ரெண்டுமே நடந்துது. ரெண்டையும் சொல்லுங்க. ஒண்ணை மட்டும் சொன்னா அது பொய்" என்றார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேடம் தொடர்ந்தார். "வேலைக்கு ஆபத்து இல்லைன்னு நான் சொல்லமாட்டேன். எனக்கு வந்துது. உங்களுக்கும் வரலாம்."

வந்த காரியம் கெட்டது என்றே நினைத்தேன். நாங்கள் எழுந்தோம். வாசல் தாண்டுகிற சமயத்தில் வெங்காயம் அறுத்துக்கொண்டிருந்த மனைவி தலையை நிமிர்த்தாமலே பேசினார்.

"அன்னைக்கு வந்து சாப்பிடவே இல்லைங்க இவரு. சுவத்துல படி மட்டும் நீட்டிக்கிட்டு நிக்குது, அது கண்ணுக்குள்ளயே இருக்குதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு." பிறகு கணவரைப் பார்த்து, "சொல்லிட்டு வந்துருங்க. வண்டி இல்லைன்னா காட்டு வேலைக்குப் போவோம்" என்றார்.

அவர் வந்தார். விசாரணை நாளன்று இஸ்திரி போட்ட சட்டையோடு அலுவலக வராந்தாவில் எங்களுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளே பில்டரின் வக்கீல் மழையைப் பற்றி நெடுநேரம் பேசினார். கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிப்பதைப் பற்றிப் பேசினார். எல்லாம் முடிந்து இவர் முறை வந்தது. விசாரித்த அதிகாரி, நீங்கள் போகும்போது கூரை விழுந்து கிடந்ததா என்று கேட்டார்.

"நல்லா நின்னுக்கிட்டு இருந்துச்சுங்க" என்றார் அவர். "நான்தான் இடிச்சேன். சொர்க்கவாசல் திறக்கற நேரம் பார்த்து ஆரம்பிக்கச் சொன்னாங்க. அப்பத்தான் யாரும் கேட்கமாட்டாங்கன்னாங்க." யார் சொன்னார்கள் என்று கேட்டதற்கு, எதிரே உட்கார்ந்திருந்த மேஸ்திரியைக் கைநீட்டிக் காட்டினார். மேஸ்திரி பில்டரைப் பார்த்தான். பில்டர் ஜன்னலைப் பார்த்தார்.

வண்டி ஓட்டியவருக்கு வேலை போகத்தான் செய்தது. ஆறு மாதம் போல மனைவியோடு சோளக்காட்டில் வேலை பார்த்தார். பிறகு பெரம்பலூர்ப் பக்கம் வேறொரு முதலாளி சேர்த்துக்கொண்டார். அந்த ஆறு மாதமும் மேடம் அவர்களோடு தொடர்பு வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். என்ன செய்தார் என்று தெரியாது. கேட்டால் சொல்லியிருக்கமாட்டார்.

உத்தரவு வந்த அன்று நானும் கூடப் போயிருந்தேன். அதிகாரி காகிதத்தை மேடத்திடம் நீட்டினார். மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பத்தியைப் படித்தார். நெற்றி சுருங்கியது. "அனுமதியின்றி இடிக்கப்பட்டதுன்னு போட்டிருக்கீங்க. யாரால?" என்றார். அதிகாரி வயதானவர், களைத்திருந்தார். "அடுத்த பத்தியைப் படிங்க மேடம்" என்றார். அடுத்த பத்தியில் பில்டர் பெயரும், நிறுவனத்தின் பெயரும், மேஸ்திரி பெயரும் வரிசையாக இருந்தன. மேடம் முகத்தில் அசடு வழிந்ததை நான் பார்த்தது அந்த ஒரே ஒரு தடவைதான். அதிகாரியும் சிரித்துவிட்டார். மேடத்தின் வீட்டுக்கு அனுப்பிய நோட்டீஸ் ரத்து, பில்டர் மேல் வழக்கு, இறுதி முடிவு வரும்வரை அந்த மனையில் எதுவும் கட்டக்கூடாது என்று உத்தரவு சொன்னது. வாசலுக்கு வந்ததும் மேடம் அதை இன்னொரு முறை படித்தார். "வீடு போனது போனதுதான்" என்றேன் நான், ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டுமே என்று. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் அன்றைக்கு என்னைத் திருத்தவில்லை. அந்த வீட்டுக்காகவும் அவருக்குத் துக்கம் இருந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வீட்டுக் கூடத்தில்தான் அவர் நடக்கப் பழகினாராம். பிறகொரு சமயம் தங்கை மகள் சொன்னாள்.

பில்டர் மேல்முறையீடு செய்தார். செய்துவிட்டு ஒருநாள் நேரிலும் வந்தார்.

நான் அப்போது மேடத்தோடு கூடத்தில் இருந்தேன். கரண்டு திரும்ப வந்து மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பில்டர் வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருமண், கையில் பெரிய பழத்தட்டு. குரல் எவ்வளவு பணிவு. அம்மா என்றுதான் கூப்பிட்டார். உட்கார்ந்து, கூரையை அண்ணாந்து பார்த்து, நல்ல வேலைப்பாடு என்று சொன்னார். அதைச் சொல்ல அவருக்குக் கூச்சமாகக்கூட இல்லை. மேல்முறையீட்டில் நீங்கள் எதிர்க்காமல் இருந்தால் போதும், உங்கள் வீட்டை எங்கள் செலவில் பழுது பார்த்துத் தருகிறோம், அந்தப் பக்கச் சுவரில் அசிங்கமாக நீட்டிக்கொண்டிருக்கிற படிகளை வெட்டியெடுத்துப் பூசி வெள்ளையடித்துத் தருகிறோம் என்றார்.

"ஏதோ நடந்தது நடந்துபோச்சும்மா. மனசுல வச்சுக்காதீங்க" என்று முடித்தார்.

மேடம் காபி கொண்டுவந்து வைத்தார். அவர் எதிரே உட்கார்ந்தார்.

"நான் உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். அந்த வீட்டை நான் இடிச்சேன்னு ஒரு தடவை சொல்லுங்க. வக்கீல் இங்க இல்லை. நான் ரெக்கார்டு பண்ணலை, போன் அதோ அலமாரி மேல இருக்கு. நாம மூணு பேர்தான். சொல்லுங்க, உட்கார்ந்து பேசலாம்."

பில்டர் என்னைப் பார்த்தார். சல்லடைச் சுவரைப் பார்த்தார். மாலை வெயில் அவர் வேட்டியில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. சொல்லிவிடுவார் என்றுதான் எனக்குத் தோன்றியது. என்ன கஷ்டம் அதில். வாயைத் திறந்தார். "அந்த வீடு..." என்றார். நிறுத்தினார். காபியைத் தொட்டார், குடிக்கவில்லை. "அந்த வீடு இடிஞ்ச விஷயத்துல, எங்க பக்கம் சில..." என்று ஆரம்பித்தார்.

மேடம் எழுந்தார். பழத்தட்டை எடுத்து இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தார், மரியாதையாகத்தான். "படியெல்லாம் அப்படியே இருக்கட்டுங்க. பார்க்கறவங்க கேட்கணும், இங்க என்ன இருந்துதுன்னு" என்றார்.

அவர் கார் தெருமுனை திரும்புகிறவரை நான் வாசலில் நின்றேன். உள்ளே வந்தபோது மேடம் ஆறிப்போன காபியைச் சமையலறைத் தொட்டியில் கொட்டிவிட்டு டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. கேட்டுவிட்டேன். ஒருவேளை அந்த மனுஷர் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால், நீங்கள் வழக்கை விட்டுக்கொடுத்திருப்பீர்களா என்றேன்.

அவர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். ஈரக்கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பேசலாம்னுதானே சொன்னேன்? விடறேன்னு சொன்னேனா?"